மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கிணறு

அக்கா,

இன்று காலை மருமகள் மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். பாக்கார் ஆராங் ஊரில் இந்த வீட்டில் அது ஆசைக்குத் தின்கிற பண்டம். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தட்டில் வைத்தார்கள். பேரனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த உறவுக்காரர் அதைத் தின்றுகொண்டே, "பொண்ணு படிச்ச பொண்ணுதான்லா. ஆனா அவங்க என்னா ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். விசாரிக்கலாம் என்று என் மகனும் தலையாட்டினான். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

சப்பான்காரன் ஆண்ட காலத்தில் ரப்பர் தோட்டத்தில் நாம் இதைத்தானே மூன்று வேளையும் தின்றோம். அதற்கு முன் எங்கள் மேட்டு லயத்து வீடுகளின் கிணற்றில் உங்கள் பள்ளத்து லயத்து ஆட்கள் கயிற்றைத் தொடக்கூடாது. குடத்தைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். எங்கள் ஆட்கள் யாராவது மனது வைத்து உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பிறகு சப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். உங்கள் கணவரையும் என் அப்பாவையும் ஒரே லாரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றவும் ஆள் இல்லை, ஒதுங்கி நிற்க யாருக்கும் தெம்பும் இல்லை.

ஒருநாள் கிணற்றுக் கயிறு அறுந்தது. கடையில் கயிறு ஏது? நீங்கள்தான் தேங்காய் நாரைத் திரித்துப் புதிது கட்டினீர்கள். எங்கள் லயத்துக் கங்காணி வீட்டம்மா காய்ச்சலில் கிடந்தபோது, அந்தக் கயிற்றில் இறைத்த தண்ணீரில் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டதும் நீங்கள்தான். எல்லாரும் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து தின்றோம். "இப்படியே இருந்துட்டா தேவலாம் பாப்பா," என்று சிரித்தீர்கள்.

சண்டை முடிந்து அரிசி வந்தது. அரிசி வந்த வாரமே கங்காணி வீட்டம்மா கிணற்றில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சூடம் கொளுத்தினார். உங்கள் கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுக் கடைக்கயிறு மாட்டினார். நீங்கள் குடத்தோடு வந்தீர்கள். "கீழ வையி, நான் ஊத்துறேன்," என்றார் அவர். அதட்டவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

"கெணத்தக் கழுவிட்டீங்க. வயித்துக்குள்ள போன தண்ணிய எதால கழுவுவீங்க?" என்று கேட்டீர்கள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். சயாமுக்குப் போனவரும் திரும்பவில்லை. அந்த மாதமே தோட்டத்தை விட்டுப் போய்விட்டீர்கள்.

வெகுகாலம் கழித்து கோத்தா கோலா மூடா கடற்கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த உங்களைப் பார்த்தேன். மனுசரெல்லாம் ஒன்று என்று ஆகவே ஆகாதா அக்கா என்று கேட்டேன். மீனைப் புரட்டியபடியே, "ஆச்சே பாப்பா. நாமதான் பாத்தோமில்ல. சோறு வந்ததும் வேணாம்னுட்டாங்க," என்றீர்கள். அதுதான் கடைசி. நீங்கள் போய்ச் சேர்ந்த சேதிகூடத் தாமதமாகத்தான் வந்தது.

எனக்கும் வயதாகிவிட்டது, சண்டை போடத் தெம்பில்லை. பள்ளத்தில் ஒருத்தர் நின்றால்தான் தாங்கள் மேட்டில் இருப்பது இவர்களுக்குத் தெரிகிறது போலிருக்கிறது. மனுசரெல்லாம் ஒன்றாவது நடக்கவே நடக்காது என்று நம்புகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அக்கா. நான் உங்களோடு ஒரே சட்டியில் தின்றவள். நடக்கும் என்று தெரிந்துகொண்டு இவர்களோடு உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை.