எட்டாம் நாள் காலை

பாண்டை, சிட்னி
5 மே 1986

லீபாவின் மனைவி திர்சாவுக்கு,

உன் அத்தை எழுதுவது. நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் வழி முழுக்கக் குறட்டை. கால் வீங்கி, இரண்டு நாள் செருப்பே போட முடியவில்லை. பண்டிகை முடிந்து பாஸ்காப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றியாயிற்று. இனி ஒரு வருடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

உன் வீடு பளிச்சென்று இருந்தது. உருளைக்கிழங்கு சூப் நன்றாகவே இருந்தது, உப்புதான் ஒரு கல் குறைச்சல். என் நீலத் தலைத்துணியை உங்கள் குளியலறைக் கொக்கியிலேயே விட்டுவிட்டேன். அவசரம் இல்லை, மெதுவாக அனுப்பு.

லீபா வெள்ளிக்கிழமை ஃபோன் செய்யவில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அம்மாவைக் கூப்பிட அவன் தவறியதே இல்லை. வேலை அதிகமோ என்னவோ.

பண்டிகையின் முதல் நாள் காலை நடந்ததை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் குடும்பத்தில் பாஸ்கா நாட்களில் புளிக்காத மாட்சா ரொட்டி மேல்கூடத் தண்ணீர் படவே விடமாட்டோம். உள்ளே எங்காவது வேகாத மாவு ஒட்டியிருந்து, பாஸ்காவில் ஆகாதபடி புளித்துவிடுமோ என்ற பயம். கடைசி நாளான எட்டாம் நாள் ஒன்றுக்குத்தான் விலக்கு. நீயோ முதல் நாளே ரொட்டியை நனைத்து, முட்டையில் வதக்கி, மாட்சா பிரை என்று கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டாய். வாயில் என்னவோ வந்துவிட்டது. வயதாகிவிட்டதல்லவா. மனம் நோகும்படி ஏதாவது சொல்லியிருந்தால் மறந்துவிடு.

உன் அத்தை,
கிசெல்லா


காஃபீல்ட், மெல்போர்ன்
19 மே 1986

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். தலைத்துணியைத் துவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

"ஏதாவது சொல்லியிருந்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமல், பக்கத்து வீட்டு ஃப்ராட்லைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இதெல்லாம் இந்த ஜனத்துல பொறந்திருந்தா தானா தெரியும். பரீட்சை எழுதிட்டு வந்தவளுக்கு எங்க தெரியப்போகுது?"

யூத மார்க்கத்துக்கு வர மூன்று வருடம் படித்தேன், அத்தை. ரபிகள் முன்னால் நின்று பதில் சொன்னேன். தண்ணீரில் முங்கி எழுந்து திர்சா என்று பெயர் வாங்கினேன். பெண்டிகோவில் என் அப்பா அதற்குப் பிறகு என்னைக் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவதில்லை. இங்கேதான் எனக்கு வீடு என்று நினைத்திருந்தேன். அன்று உங்கள் ஒரு வார்த்தையில் எல்லார் முன்னும் மறுபடி பழைய ப்ரான்வென் ஆகி நின்றேன்.

அதைச் செய்யச் சொன்னது லீபாதான். "பண்டிகையன்னிக்குக் காலையில எங்கம்மா இதத்தான் பண்ணுவாங்க. சக்கரையும் பட்டைப் பொடியும் தூவித் தருவாங்க. நீ பண்ணு, அசந்துபோயிடுவாங்க" என்றார். பண்டிகைக் காலை என்றால் முதல் நாள் காலை என்று நான் எடுத்துக்கொண்டேன். எட்டாம் நாள் மட்டும்தான் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கிறது. வீட்டை விட்டு வந்தபின் இந்தக் கட்டுப்பாட்டை எல்லாம் அவர் பார்ப்பதில்லை. ஃப்ராட்ல் உப்பும் மிளகும் போடச் சொன்னாள், நான் கேட்கவில்லை. நீங்கள் தள்ளியது உங்கள் கைப்பக்குவத்தைத்தான்.

என் பங்குக்கும் வெட்கம் இருக்கிறது. அத்தனை பேர் பார்க்க, வாணலியோடு குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். பண்டிகைச் சாப்பாட்டைக் கொட்டியவள் என்று பெயர் எடுத்தேன். துணி துவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது வெளியே கேட்டிருக்கும். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் கடையில் வாங்கித்தான் வைக்கிறேன்.

லீபா ஃபோன் செய்யாததற்கு நான் காரணமில்லை. நீங்கள் பேசியதற்கு அவருக்கு உங்கள் மேல் கோபம், அன்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டோமே என்று தன் மேலும் கோபம். உங்களை நான் வெறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இருக்கும் மேஜையில் மறுபடி உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

இப்படிக்கு,
லீபாவின் மனைவி திர்சா


பாண்டை, சிட்னி
7 அக்டோபர் 1986

அன்புள்ள திர்சா,

உன் கடிதத்துக்குக் குளிர்காலம் முழுக்கப் பதில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் பக்க நியாயம்தான் வந்தது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

நியாயம் ஒன்றும் இல்லை. நனைத்த மாட்சாவைச் சாப்பிடுவது பாவம் அல்ல, எங்கள் குடும்பத்துப் பழக்கம், அவ்வளவுதான். நம்மோடு வந்து சேர்ந்தவளிடம் அவள் வந்த இடத்தைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பதுதான் சட்டம். அது எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பழக்கத்தைக் காப்பாற்றிவிட்டுச் சட்டத்தை மீறினேன்.

தட்டைச் சத்தமில்லாமல் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு முட்டை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை தெரியுமா? லீபா முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். சின்ன வயதில் எட்டாம் நாள் காலை என் அடுப்படியில் நின்று சாப்பிடும்போது அப்படித்தான் மூடுவான். ஏழு நாள் கேட்டுக் கேட்டு நச்சரித்துவிட்டு எட்டாம் நாள் என் கையால் பண்ணியதை வாங்கித் தின்பான். அது அவனுக்கு இப்போது முதல் நாளே கிடைக்கிறது, உன் கையால் கிடைக்கிறது. என் வயிறு எரிந்தது, திர்சா. பொறாமைதான். இதை எழுதக் கை கூசுகிறது.

பாவநிவாரண நாள் வருகிறது, அதற்குள் நோகடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். நாலு பேர் முன்னால் சொன்னதை உன் காதில் மட்டும் திருப்பிச் சொன்னால் போதாது. அன்று மேஜையில் இருந்த எல்லோரையும் ஃபோனில் கூப்பிட்டு, நான் செய்தது அசிங்கம் என்று சொல்லிவிட்டேன். ஃப்ராட்லிடம் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. "கொஞ்சம் இருங்க, உக்காந்துக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

என்னை மன்னித்துவிடு. பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

கிசெல்லா


காஃபீல்ட், மெல்போர்ன்
15 மார்ச் 1987

அன்புள்ள அத்தைக்கு,

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். முழு மனதாக வராததை எழுதப் பிடிக்காமல் எழுந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை லீபா ஃபோன் செய்வார். நான்தான் சொன்னேன். பாஸ்காவின் முதல் இரவுக்கு உங்களைக் கூப்பிட இன்னும் எனக்கு மனம் வரவில்லை. கடைசி இரண்டு நாளுக்கு வாருங்கள். எட்டாம் நாள் காலை அதே ஆட்கள்தான் சாப்பிட வருகிறார்கள்.

திர்சா


பாண்டை, சிட்னி
27 ஏப்ரல் 1987

அன்புள்ள திர்சா,

எட்டாம் நாள் காலை நடந்தது உனக்குத் தெரியும். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஜெபாலயத்திலிருந்து எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது மேஜையில் அவித்த முட்டையும் பாலாடைக்கட்டியும் வெள்ளரிக்காயும் இருந்தன. நீ மாட்சா பிரை செய்திருப்பாய், நான் எல்லார் முன்னும் அள்ளிச் சாப்பிடலாம் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். இன்றுதான் உன் மாமியாரும் சாப்பிடலாமே, எங்கே அது என்று ஃப்ராட்ல் உன்னைக் கேட்டாள். நீ தலை நிமிராமல் சொன்னாய்: "நான் அத பண்றதில்ல. எனக்கு அது சரியாத் தெரியாது."

நான் போட்ட சூடு அது. உட்கார்ந்திருக்க முடியவில்லை. தெரியாதவள் நீ இல்லை, நான்தான் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, உன்னிடம் கேட்காமலே உன் அடுப்படிக்குள் போனேன். பண்டிகை நாளில் புதிதாகத் தீ மூட்டக் கூடாது என்று முன்பே ஏற்றி விட்ட அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ரொட்டியை உடைத்து நனைத்துப் பிழிந்தேன், முட்டையை அடித்து ஊற்றினேன். உன் பாஸ்கா டப்பாக்கள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை. எது எது என்று யாரையும் கேட்க வாய் வரவில்லை. ஒன்றிலிருந்து தாராளமாக அள்ளிப் போட்டு, மேலே பட்டைப் பொடி தூவி, முதல் தட்டை உன் முன்னால் வைத்தேன்.

எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். ஒரு வாய் வைத்தாய். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். தள்ளப்போகிறாய் என்று நினைத்தேன். தள்ளட்டும், எனக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். நீ விழுங்கினாய். மீதியை வைத்திருந்த பெரிய தட்டையும் உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

"இது எங்க அத்தை எனக்குன்னு பண்ணது. ஒருத்தருக்கும் கிடையாது. முட்டை இருக்கு, சாப்பிடுங்க" என்றாய்.

ஃப்ராட்ல் ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினாள். லீபா முள்கரண்டியை நீட்டினான், நீ அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்றாய். எனக்கு அவ்வளவு பெருமை. மத்தியானம் முழுக்க நீ தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் வாணலியை ஊறப்போடும்போது அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வாயில் போட்டேன். உப்பு. சர்க்கரை போட வேண்டிய இடத்தில் கை நிறைய உப்பு. அப்படியே துப்பிவிட்டேன்.

போன வருடம் நல்ல தட்டை நான் தள்ளி உன் மானத்தை வாங்கினேன். இந்த வருடம் வாயில் வைக்க முடியாததைத் தின்று என் மானத்தைக் காப்பாற்றினாய். பிறந்திருந்தால் தெரியும் என்று சொன்னேனே, திர்சா. இந்த ஜனத்தில் பிறந்து இத்தனை வயதாகியும் எனக்கு அது தெரியவில்லை. இப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதே இல்லை. அங்கேயே உன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வராமல் மறுநாள் ரயில் ஏறிவிட்டேன்.

உன் வயிறு எப்படி இருக்கிறது?

கிசெல்லா


காஃபீல்ட், மெல்போர்ன்
6 மே 1987

அன்புள்ள அத்தைக்கு,

வயிறு நன்றாக இருக்கிறது. உப்பா? நான் கவனிக்கவில்லையே.

ஃப்ராட்லுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அப்படி ஒரு பக்குவத்தை மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒளித்து வைத்துக்கொண்டார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அடுத்த வருடம் முதல் இரவுக்கே வந்துவிடுங்கள். எட்டு நாளும் இருங்கள். பாத்திரங்களைப் பரணில் ஏற்றும்போது சர்க்கரை டப்பாவில் மட்டும் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்தேன்.

உங்கள் மருமகள்,
திர்சா