லிஜி செருப்பைக் கழட்டினப்போ

வண்டன்மேடு

நீ சொன்ன அந்தக் கோடு விஷயத்தை நான் சரியாத்தான் பிடிச்சிருக்கனான்னு நீயே பாரு சிஞ்சு. இயேசுவுக்கே புகழ். அவர் கிருபையில அத்தை நானும் மாமாவும் சுகம். போன்ல பேசினா லிஜி காதுல விழும், அதான் எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமை உன் லிஜி மதினியப் பொண்ணு பார்க்க நெடுங்கண்டத்துலருந்து வந்தாக. மாப்பிள்ளை ஜினோ ஆறடி. நம்ம புள்ள உயரந்தான் உனக்குத் தெரியுமே. இங்க குளிருக்கு வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடுறதுதானன்னு, குதி உசந்ததா ஒண்ணு வாங்கி மாட்டிவிட்டேன். ரெண்டு பேரும் தோட்டத்துப் பக்கம் பேசிட்டு வந்தப்போ அவ முகமே பூத்துக் கெடந்துச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம். கிளம்புமுன்ன ஒரு ஜெபம் சொல்லிருவோம்னேன். திருஇருதயப் படத்துக்கு முன்னால எல்லாரும் செருப்பைக் கழட்டினாக, லிஜியுந்தான். ஜெபம் முடியுமுன்னயே ஜினோ அம்மா அவள உச்சியிலருந்து பாதம் வரைக்கும் அளந்துட்டாக. பேரப்பிள்ளைக குட்டையாப் போயிருமோன்னு யோசிக்கிறாகன்னு மறுநாள் தரகர் சொல்றாரு.

நீ அன்னைக்குச் சொன்னதுதான் எனக்குத் தெம்பு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அந்தக் காலத்துல தாய் தகப்பன் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைக உயரத்தையும் சேர்த்து வச்சு, தாள்ல புள்ளி வச்சாராம். கொட்டின மிளகு மாதிரி புள்ளி சிதறிக் கெடந்தாலும், ஊடால ஒரு நேர்கோடு போடலாமாம், மொத்தப் புள்ளிக்கும் கூடுன மட்டும் கிட்டக்க இருக்கிறாப்புல. நெட்டையானவுக பிள்ளை நெட்டைதான், ஆனா பெத்தவுக அளவுக்கு வராது. குட்டையானவுக பிள்ளை கொஞ்சம் உசந்து நடுவுக்கு வந்துரும். சரிதான?

ஒத்தப் பிள்ளைக்கு அந்தக் கோடு சத்தியம் பண்ணாதுன்னும் சொன்ன. அதைத்தான் ஜெபமாலை கையில இருக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். கோட்டு மேலயே நிக்கிற புள்ளி ஒண்ணோ ரெண்டோ இருக்கும். மத்ததெல்லாம் மேலயும் கீழயும் தள்ளித்தான் நிக்கும். ஆண்டவர் நம்மளை அப்படித்தான படைச்சிருக்காரு.

இதை நான் சொன்னா பெத்தவ பேச்சுன்னு தள்ளிருவாக. நீ புள்ளியியல் படிக்கிறவ. சனிக்கிழமை அவுக முடிவு சொல்றாக, அதுக்கு முன்ன வந்து பக்குவமா எடுத்துச் சொல்லு. லிஜி தட்டுல சோறு அப்படியே இருக்கு.

மாதா உன் படிப்புக்குத் துணையிருக்கட்டும்.

அத்தை இன்பமேரி

கவரை ஒட்டுறப்போதான் ஞாபகம் வருது. முழங்கால் வலின்னு ஜினோ அம்மா சேரை விட்டு எந்திரிக்கவே இல்ல, அதான் அவுக உயரம் கண்ணுல படல. போறப்போ ஜீப்புப் படி எட்டாம, ஜினோதான் அவுகளத் தூக்கி ஏத்திவிட்டான். லிஜி தோளுக்குத்தான் வருவாக.