பெரிய பேட்டரி

1946, மாசி மாதம், செவ்வாய் இரவு.

டிரெயிலர் வண்டிக்கு பேட்டரி வாங்கப் போனேன். ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு நானும் என் மனைவி மரியாளும் குடியிருந்த வண்டி. அவள் இறந்தபின் இப்போதுதான், பெரியதாழையில் படம் காட்ட, வெளியே எடுக்கிறேன்.

கடைக்கார அண்ணாச்சி, "ஏலே, மைக்குக்கும் ஒரு பல்புக்கும் சின்னதே போதும். பட்டாளத்து ஏலத்துல வந்த பெருசு பொணக்கனம் கனக்கும். பெரியதாழை மணல்ல வண்டி புதைஞ்சிரும்லே" என்றார். நியாயந்தான்.

அவள் ஊரான ஆலந்தலையில் படம் முடிந்ததும் நான் மச்சான்மாரோடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்விடுவேன். நான் கரையேறும்வரை மரியாள் மாதா படத்துக்கு முன்னால் எரியும் பல்பை அணைக்கவே மாட்டாள். மறுநாள் சாயங்காலம் மைக் செத்துக் கிடக்கும்.

"ஏளா, பேட்டரியத் தின்னுட்டியே!" என்று கத்துவேன்.

"நீங்க வந்து சேந்தாச்சுல்லா, அது போதும்" என்பாள்.

"ராத்திரி பூரா பல்பு எரியணும், அண்ணாச்சி" என்றேன். "ராத்திரி பூரா என்னத்துக்குலே எரியணும்?" என்று அண்ணாச்சி கேட்டார். பெரிசையே தூக்கி வந்தேன்.

வண்டிக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மாதாவுக்கு முன்னால் பல்பு எரிகிறது. நான் கரையில்தான் இருக்கிறேன். அணைக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது.