காலி இருக்கைகளின் ஓட்டு

அன்பு மகள் வாலுவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவளுக்கு முட்டிவலி பரவாயில்லை, உன் வயிற்றுக் கோளாறு தீர்ந்ததா என்று முதலில் எழுது, கண்டதைத் தின்னாதே. எனக்குச் சட்டமன்ற அவைக்குள் மாற்றல் வந்திருக்கிறது, மைக்கும் ஓட்டுப் பலகையும் இனி என் பொறுப்பு. சுற்றி வளைக்க எனக்கு வராது, நேராகச் சொல்கிறேன். உறுப்பினர்கள் யாரும் வருவதில்லை, சட்டம் மட்டும் நிறைவேறிக்கொண்டே இருக்கிறது. காலையில் திரையில் மசோதா ஓடும், காலி இருக்கைகளில் வரிசையாகப் பச்சை விளக்கு எரியும். ஸ்பீக்கர் பெட்டியில் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள், தாள் புரட்டுகிறார்கள். வயரிங் கோளாறு என்று மெயினை அணைத்தேன், விளக்கு அணையவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், கரண்டே இல்லை. பேய் என்று சொல்லமாட்டேன், வேறென்ன என்றும் தெரியவில்லை.

அவையில் ஒரு விதி உண்டு. பலகை என்ன காட்டினாலும் டெக்னீஷியன், அதாவது நான், எழுந்து உறுப்பினர்களின் தலைகளை எண்ணி உரக்கச் சொன்னால்தான் ஓட்டு செல்லும். முன்பிருந்தவர்களைப் போல நானும் இதுவரை பலகையையே வாசித்துவிட்டேன். இன்று வந்தது, போலீஸ் பிடித்தவரைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டியதில்லை என்ற மசோதா. ஆளுகிறவன் கையைக் கட்டத்தான் அரசியல் சாசனம் என்று போனில் கத்தினாயே, அது ஞாபகம் வந்தது. சட்டமன்றச் செயலாளர் பக்கத்தில் வந்து, "போர்டுல இருக்கறத வாசிப்பா, இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா" என்றார். "வாசிக்க நீங்களே போதும் சார், எண்ணத்தான் என்னை வெச்சிருக்காங்க" என்றேன். எழுந்து நின்று, "அவையில் யாரும் இல்லை" என்றேன். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன, மசோதா விழுந்தது. குனிந்து கருவிப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தால் எல்லா இருக்கைகளும் என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. அவை தரையோடு போல்ட் போட்டவை, வாலு.

மாலையில் செயலாளர் கூப்பிட்டு, பொண்ணு சட்டம் படிக்கிறாளாமே, எந்த ஊரில் என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். மைக் பார்க்கணும் சார் என்று எழுந்து வந்துவிட்டேன். நாளை வருவது, தலை எண்ணும் விதியையே நீக்கும் மசோதா. அம்மா லீவு போடச் சொல்லி அழுகிறாள். போட்டால் வேறொருவன் பலகையை வாசித்துவிடுவான். அந்த விதியை நீக்கவும் முதலில் தலை எண்ணியாக வேண்டும், எண்ணப்போகிறவன் நான்.

நீ நிறைய படித்து நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுவே என் ஆசீர்வாதம். மறக்காதே, உன் விலாசம் கேட்டு யார் பேசினாலும் கொடுக்காதே, என் குரலிலேயே கேட்டாலும்.

உன் அப்பா