சேர்த்து வைத்த லீவு

புத்தலப்பட்டு,
ஞாயிறு காலை.

அன்புள்ள பவ்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் மாப்பிள்ளையும் புனேயில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இன்று எழுந்ததும் பல்கூட விளக்காமல் ஒரு தாளில் என் கையெழுத்தைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன், ஒன்றாவது மாறி வராதா என்று. பத்தும் ஒரே மாதிரிதான் வந்தது, கம்பெனி ரிஜிஸ்டரில் இருப்பதைப் போலவே.

போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் குழந்தைக்குக் கிழித்த நூல் புடவைத் துணிகளோடு இதைப் பார்சலில் வைக்கிறேன். உன் பிரசவத்துக்கு இருபத்தைந்து நாள் லீவு கேட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன் இல்லையா, வெள்ளிக்கிழமை ஆபீசில் கூப்பிட்டார்கள். இருபது நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, அது சட்டம், யாரும் போடும் பிச்சை இல்லை. மூன்று வருடமாகச் சார்ஜர் ஒயர் சோதிக்கிறேன், ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை, எல்லாம் சேர்ந்திருக்கும் என்று நம்பிப் போனேன். மேனேஜர் சுரேஷ்பாபு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்து, உங்க லீவெல்லாம் எப்பவோ அயிப்போயிந்தி, தீந்துபோச்சு, இந்தக் கையெழுத்து உங்க சந்தகம் இல்லியாம்மா என்றார். மாதா மாதம் நான் லீவு எடுத்ததாகவும் அதற்குச் சம்பளம் வாங்கியதாகவும் தெலுங்கில் எழுதியிருப்பதை அவரே வாசித்துக் காட்டினார், அடியில் என் கையெழுத்து இருக்கிறது.

மாதக் கடைசியில் பஸ் கிளம்பும் அவசரத்தில் சூப்பர்வைசர் நீட்டும் தாள்கள் அவை. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்துமூன்று வருடம், தெலுங்கு தண்ணீர் மாதிரி பேசுகிறேன், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. வேலூரில் பி.ஏ. படித்தவள் என்று லைனில் கூட வேலை செய்யும் பதினோரு பேருக்கும் என்மேல் ஒரு மரியாதை, அவர்கள் முன்னால் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வரிமேல் விரலை ஓட்டிவிட்டு, சூப்பர்வைசர் சொன்னதையே நான் படித்ததுபோல, வருகைக் கணக்குதான் போடுங்கள் என்று பதினோரு பேருக்கும் நானே இடம் காட்டினேன். நேற்று பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். லைனில் என் பக்கத்தில் உட்காரும் சென்னம்மாதான், நான் எந்தெந்த ஊரு சுத்திக்கினு இருந்தேன்னு அதுல எழுதிக்கீதாக்கா, திருமலைக்காவது போய்வந்தேனா என்று கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, டிகிரி படிச்ச நீயே படிக்காம போட்டா நாங்க இன்னாத்தக் கண்டோம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டைபாய்டில் அவள் பன்னிரண்டு நாள் படுத்தபோது சம்பளம் பிடித்துவிட்டார்கள், அவளும் லீவு இருப்பது தெரியாமல் வாய் திறக்கவில்லை.

போன வருடம் நான்காம் மாதத்திலேயே உனக்குக் கலைந்தபோது, அம்மா வா என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாய். லீவு சேரட்டும், அடுத்ததற்கு மொத்தமாக வந்து இருக்கிறேன் என்றேன். இல்லாத லீவை மிச்சம் பிடிக்க உன்னைத் தனியாகப் படுக்க விட்டேன் பவ்யா. போகணும்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க என்கிறார் மேனேஜர். உன் நைனா முதுகு வலியால் வேன் ஓட்டுவதை விட்டபிறகு வீட்டுக்கு என் சம்பளம்தான். கால்ல வுழுந்தாவது கேளு சுலோ என்கிறார் அவர்.

நீ மாடிப்படி ஏறி இறங்காதே, இரும்பு மாத்திரையை டீயோடு போடாதே, கால் வீங்கினால் மாப்பிள்ளையிடம் உடனே சொல். உன் ஆபீசில் பிரசவ லீவுக்கு எந்தத் தாள் நீட்டினாலும் முழுவதும் படித்துப் பார், புரியாவிட்டால் புரியவில்லை என்று கேள், அதில் வெட்கமே வேண்டாம். நீயும் பிள்ளையும் இரண்டு உயிராக நல்லபடியாகப் பிழைத்து நூறு வருடம் இருக்க வேண்டும்.

நான் ராஜினாமா எழுதப்போவதில்லை. நாளைக் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் திருப்பதி தொழிலாளர் அலுவலகத்துக்குக் கம்பெனிமேல் புகார் கொடுக்கப் போகிறேன், படிக்கத் தெரியாமல் படித்ததாக நடித்துப் பதினோரு பேரைக் கையெழுத்துப் போட வைத்தவள் நான்தான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த புதன்கிழமை ரேணிகுண்டாவில் ரயில் ஏறுகிறேன், லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை, சென்னம்மாவிடமும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா.