கூடையை முன்னால் பிடித்தவள்

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். நேற்று பதுளை பஸ் ஸ்டாண்டில் உளுந்து வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். கொழும்புக் கம்ப்யூட்டர் தாள். வடையை நாய்க்குப் போட்டேன்.

நீ மொனராகலையில் செத்து மூன்று மாதம். கரும்புக் காட்டுக் காய்ச்சல் என்றார்கள். எனக்குத் தெரியாதா, உன்னைத் தின்றது இந்தத் தாள்தான்.

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளையாக நீ நிற்பாய். யாருக்கு எந்த மலை என்று முகத்தைப் பார்த்தே பிரிப்பாய். பிள்ளைத்தாச்சி எவளும் ஆம்பளையிடம் வாய் திறந்து சொல்லமாட்டாள். கூடையை முதுகில் போடாமல் வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பாள். நீயும் ஒன்றும் கேட்கமாட்டாய். "நீ கீழ்மலைக்குப் போ தாயி" என்பாய், அவ்வளவுதான்.

பிறகு கொழும்புக் கம்ப்யூட்டர் மெசினிலிருந்து பட்டியல் வந்தது. தேயிலைக் கொழுந்து அதிகம் எடுப்பவளைப் பார்த்துச் செங்குத்து மலைக்கு அனுப்புவது அதன் புத்தி. தோட்டத்துத் தபால் பையில் அதைச் சுமந்துவந்தவன் நான். அந்த மெசின் தெமோதரை ஸ்டேஷன் அளவு இருக்கும், என்னைக் கண்டதும் விளக்கைச் சிமிட்டியது என்று லயம் லயமாக, வீடு வீடாகச் சொன்னேன்.

"ஒனக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுக்கலியா அது?" என்று சிரித்தாய்.

அந்த மழைக் காலையில் பாக்கியம் கூடையை முன்னால் பிடித்து நின்றாள். தாளில் அவளுக்குச் செங்குத்தான ஏழாம் நம்பர் மலை. நீ தாளைப் பார்த்தாய், கூடையைப் பார்த்தாய். "கிழிச்சுப் போடு மச்சான், மெசினுக்குக் கூடையத் தெரியுமா?" என்று நான் உன் காதில் சொன்னேன். நீ தாளில் இருந்ததையே வாசித்தாய்.

"என்னா கணக்கப்புள்ள, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று அவள் மாமியார் கத்தினாள். நீ அடுத்த பேரை வாசித்தாய்.

பத்து மணிக்குப் பாக்கியத்தைக் கம்பளியில் தூக்கி வந்தார்கள். மழைத்தண்ணி ஓடும் கானில் சறுக்கியிருக்கிறாள். அவள் பிழைத்தாள், வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை. அடுத்த வாரம் நீ தோட்டத்தை விட்டே மொனராகலைக்குப் போனாய்.

இப்போதும் தாள்தான் பெரட்டு எடுக்கிறது. பெண்கள் எல்லோரும் கூடையை முதுகிலேயே போட்டுக்கொள்கிறார்கள். முன்னால் பிடித்து யாருக்குக் காட்ட?

உன் காதில் கிழிக்கச் சொன்ன கதையை உன் சாவு வீட்டிலும் சொன்னேன். கேட்டவர்கள் என்னைத் தீர்க்கதரிசி என்றார்கள். மச்சான், அது நான் கட்டிய கதை. அன்றைக்கு நீதான் என் பக்கம் திரும்பி, "என்னா செய்ய?" என்று கேட்டாய்.

"வாசி மச்சான், மெசினுக்குத் தப்பு வராது" என்றேன் நான்.

அதை நீ யாரிடமும் சொல்லாமலே போய்விட்டாய். இனி அதைச் சுமந்து நடக்க நான் ஒருத்தன்தான்.