வெறுமையாய்த் திறக்கும் செய்திப் பெட்டி

மச்சான்,

நேற்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பொத்தான், பெட்டி, பட்டியல் எல்லாம் வரைந்து கொடுக்கும் நம்முடைய இடைமுகத் தொகுதியை வைத்து அவள் ஒரு விளையாட்டுச் செய்கிறாள். ஆட்டத்தில் தோற்றதும் செய்திப் பெட்டி திறந்தது. உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.

"சேர், மற்றத் தொகுதியளில ஏதாவது ஒரு சொல் தானா வரும். இதில மட்டும் ஏன் வெறுமையா வருது?"

"எந்த மொழிக்கும் எந்தக் கருவிக்கும் பொருந்தட்டும் எண்டுதான்" என்றேன். வகுப்பே குறித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் உன்னைக் குறை சொன்னதாகிவிடும் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பொய். கெட்டிக்காரன் என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த நாளில், செங்கலடிச் சந்தியில் கடைக்கு மேலே இருந்த நம் அறையில் ஒரு வகைக் கணினி, வளாகத்தில் இன்னொரு வகை. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் படுத்துவிடும். பொத்தானையும் பெட்டியையும் ஒருமுறைதான் எழுதுவது, கணினியோடு நேரே பேசும் அடித்தட்டை மட்டும் மாற்றுவது என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். "மேல கை வைக்கப்படா, கீழ மட்டும் மாத்து." கொத்து ரொட்டிப் பார்சலுக்கு நிற்கும்போதும் இதே கதைதான்.

சோதித்துப் பார்க்க, வாவியில் நண்டு பிடிக்கும் விளையாட்டு ஒன்று செய்தோம். நண்டு தப்பினால் தவில் ஒலிக்கும். பெட்டியில் "விட்டுட்டாய்! மறுகா விளையாடுவமா?" என்று வரும். அந்த வரியை விளையாட்டுக்குள் வைக்காமல், சோம்பலில் தொகுதிக்குள்ளேயே எழுதிவிட்டாய். வேறு செய்தி கொடுக்காவிட்டால் எங்கேயும் அதுவே வரும். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

சுனாமிக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமில் காணாமல்போன ஆட்களைப் பெயர் தட்டித் தேட ஒரு திரை கேட்டார்கள். அங்கே கிடைத்தது மூன்றாவது வகைக் கணினி. நீ அடித்தட்டை மாற்றினாய். ஒரே பின்னேரத்தில் எல்லாம் ஓடியது. உனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் முதலில் வந்த தாய் தன் மகளின் பெயரைச் சொன்னார். நீ தட்டினாய். பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன சொல்வது என்று நாம் இருவரும் யோசித்திருக்கவே இல்லை. தவில் அடித்தது. பெட்டி திறந்தது. அவர் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"என்ன மனே, விளையாடுறீங்களா?"

"இல்லம்மா, எங்கட பிழையம்மா."

அவர் ஏசியிருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "சரி மனே, இன்னொருக்காப் பாருங்க" என்றுதான் சொன்னார். பார்த்தோம். நான் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன்.

அன்றே தொகுதியிலிருந்த ஒவ்வொரு சொல்லையும் ஒலியையும் அழித்தாய். "பெட்டி தன்ரபாட்டில ஒண்டும் சொல்லப்படா. ஆருக்குச் சொல்றமெண்டு யோசிச்சு, வைக்கிறவன் எழுதட்டும்" என்றாய். நம் தொகுதி இன்று எந்தக் கருவியிலும், எந்த மொழி விளையாட்டிலும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஊரெல்லாம் அதற்காக என்னைப் பாராட்டுகிறது. அந்தத் தாயின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு நீ வேலைக்கென்று வன்னிக்குப் போனாய். மீண்டும் போர் மூண்டு பாதை மூடியது; உன்னிடமிருந்து தகவல் வருவது நின்றது. போர் முடிந்தபின் உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு நிவாரண அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த தேடும் திரையும் நம் தொகுதியில் செய்ததுதான். பொத்தானின் வளைவைப் பார்த்ததும் தெரிந்தது. உன் பெயரைத் தட்டினார்கள். பெட்டி திறந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் யோசித்து எழுதியிருந்தார்: "இந்தப் பெயர் இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தொடர்ந்து தேடுவோம்."

அக்கா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு கைப்பையை மூடிக்கொண்டு, அழாமல் எழுந்தார்.

கொஞ்சக் காலத்தில் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அக்காவுக்கு அது தெரியாது. அமிர்தகழியில் மாமாங்கத் திருவிழாக் கூட்டத்துக்குள் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார்.

"தொடர்ந்து தேடுவம் எண்டு போட்டிருந்ததுதானே தம்பி. தேடுறாங்கதானே?"

"ஓம் அக்கா, தேடுறாங்க" என்பேன்.

இந்த வருடமும் அதையேதான் சொன்னேன், மச்சான். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.